சாணி குடிக்கும் தொட்டி

சென்னீர்குப்பம் தாண்டி ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் ஷேர் ஆட்டோ பஞ்சராகி நிற்கிறது. குமணன்சாவடியில் வீட்டுக்கு வாங்கிய சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடிப் போகிறேன். ஊர்க் கழிவுநீரெல்லாம் வந்து தெளியும் தொட்டிகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கடைசித் தொட்டியில் கல்வாழை சிவப்பாகப் பூத்திருக்கிறது. தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா, முதல் தொட்டியில் ஒரு வாளி சாணிக் கரைசலை ஊற்றுகிறார்.

"சுத்தம் பண்ற தொட்டியில சாணியாக்கா?"

"போகிக்கு ஊரே பினாயில் ஊத்தி ஊட்டக் கழுவிச்சு நைனா. அழுக்கத் துன்ற கிருமி பூரா செத்துப்போச்சு. தண்ணி கருத்துப்போய் ஒரே நாத்தம். அதான் தெனம் ஒரு வாளி சாணி ஊத்தி, புதுசா வளத்துகினு கீறேன்."

கடைசித் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் மொண்டு, அதன் பின்னால் நாள்காட்டித் தாள் ஒன்றைப் பிடிக்கிறார். நேற்றுவரை தேதியே தெரியவில்லையாம். இன்று எனக்கு ராகுகாலம்கூடத் தெரிகிறது.

"பொழச்சிகிச்சு" என்று சிரிக்கிறார். அப்போதுதான் என் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் பினாயில் பாட்டில் அவர் கண்ணில் படுகிறது.

"இன்னா நைனா, கொலைகாரனக் கையோட இட்டுகினு வந்துகீற?"