சிவா அங்கிள் மூஸ் பார்த்தவர்தான்

சிவா அங்கிள் இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக்.

செய்தி வந்தது எங்கள் டவுன்ஹவுஸ் வாட்ஸ்அப் குழுவில். "எங்கட மூஸ் அண்ணையும் போயிட்டார்"... பக்கத்தில் ஒரு கும்பிடுகிற இமோஜி, ஒரு சிரிக்கிற இமோஜி.

செத்த செய்திக்குச் சிரிப்பா? போட்டவர் செல்வம் அங்கிள். அதற்கு லைக் வேறு.

டொராண்டோவில் எங்கள் மல்வேர்னுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சிவா அங்கிள் எங்கள் பக்கத்து வீடு. பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் டெலிவரி ட்ரக் ஓட்டியவர். அதனால் எங்கள் வரிசைக் குடும்பங்கள் சேர்ந்து ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக் காம்பிங் போனால், டிரைவர் எப்போதும் அவர்தான்.

வருடம் முழுக்க ஓட்டுகிற மனிதருக்கு லீவிலும் ஸ்டியரிங்... ஒருவருக்கும் வெட்கமில்லை.

ஆர்.வி. என்றால் 'ஆட்டுக்கறி வண்டி' என்று விரிவு கொடுத்தது நான். முதலில் சிரித்தது அவர்.

மூன்று வருடத்துக்கு முன், அல்கொன்குயின் காட்டுப் பூங்காவில் இருந்து வீட்டுக்குத் திரும்பும் நீண்ட ஓட்டம். வெளிக்கிட்ட கொஞ்ச நேரத்திலேயே "இடப்பக்கம் கரடி!" என்று கத்தினேன். எல்லோரும் இடப்பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள், வண்டியே சாய்ந்தது. கரடி இல்லை.

பிறகு "வலப்பக்கம் ஓநாய்!" அதற்கும் பாய்ந்தார்கள். இரண்டாம் தரம் பாய்ந்தது அவர்களின் பிழை.

என்னை முன் சீட்டுக்கு நாடு கடத்தினார்கள். அங்கிளுக்குப் பக்கத்தில்.

உண்மையான மிருகமும் வந்தது. நடு ரோட்டில் ஓர் ஆமை. அங்கிள் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, சோற்றுச் சட்டி மூடியில் அதை ஏந்திப் போய், அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே விட்டார்.

"ஐயோ, உந்த மூடியாலயோ இனிச் சோத்தை மூடுறது?" அவர் மனைவி ராணி அன்ரி பின்னாலிருந்து கத்தினார்.

"இஞ்சரும், அதுகும் வீட்டைக் காவிக்கொண்டு காம்பிங் போகுது. எங்கட ஆள்தானே!"

மிச்ச ஆட்டுக்கறியையும் சோற்றையும் முடித்துவிட்டு எல்லோரும் படுத்துவிட்டார்கள். பின்னால் குறட்டைக் கச்சேரி. பொழுது சாய்கிற நேரம்.

ஒரு வளைவு தாண்டியதும் அங்கிள் மெதுவாக நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்தார்.

ரோட்டின் நடுவில் மூஸ், இந்த நாட்டுக் காட்டின் ராட்சத மான். குதிரையை விட உயரம், கறுத்த மலை மாதிரி. பக்கத்தில் ஒரு குட்டி.

நான் போனைத் தூக்கினேன். அங்கிள் என் கையை மெல்ல இறக்கினார். "பிளாஷ் அடிச்சால் குட்டி வெருளும். விடு பிள்ளை."

ஹோர்ன் அடிக்கவில்லை. பின்னால் ஒருவரையும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் அந்தக் காடே எழும்பியிருக்கும். கண்ணாடிக்கு உள்ளே இருந்தபடி அந்தத் தாயிடம் சொன்னார்: "ஆறுதலாப் போங்கோ. அவசரமில்லை."

மூஸுக்கும் மரியாதை கொடுத்த மனிதர் அவர்.

அவை காட்டுக்குள் போனபின் எஞ்சின் சத்தத்தில் செல்வம் அங்கிள் விழித்தார். "ஏன் நிப்பாட்டினது?"

"மூஸ் ஒண்டு. குட்டியோட."

"ஆர் கண்டது? அபியோ?"

"நானும்தான்."

"அண்ணை, உவள் புளுகினால் பரவாயில்லை. நீங்களுமோ?"

அதற்குள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். வண்டி முழுக்கச் சிரிப்பு. அன்ரியும் சிரித்தார்.

அன்றிலிருந்து எந்தப் பிறந்தநாளிலும் விடவில்லை. "மூஸ் அண்ணை, கேக் வெட்டப் போறம், மூஸ் வந்திட்டுதோ?" அவர் பேப்பர் பிளேட்டோடு புன்னகைத்தபடி நிற்பார். ஒரே ஒரு தரம் என்னிடம் கேட்டார்: "உன்னைப் படம் எடுக்க விட்டிருக்கலாமோ பிள்ளை?"

"இல்லை அங்கிள்" என்றேன். அவரிடம் நான் விளையாடாமல் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

என் சாட்சி எடுபடாது, தெரியும். ஆனால் ஓர் ஆமையைக்கூடத் திசை மாற்றி விடாத மனிதர் கதையை மாற்றிச் சொல்வாரா? ஒருவருக்கும் அது உறைக்கவில்லையா?

மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு நிறையச் சனம். ராணி அன்ரி என் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போனார்.

"பிள்ளை, விளையாட்டை விட்டிட்டுச் சொல்லு. கண்டனியோ?"

"ஓம் அன்ரி."

"குட்டி எப்பிடிப் போனது?"

"தாய்க்குப் பின்னால... ஒரு காலை நொண்டி நொண்டி."

அன்ரி அடுப்பு மேடையைத் துடைக்கத் தொடங்கினார்.

"நொண்டினது எண்டு எனக்கு மட்டும்தான் சொன்னவர். நான் அதுக்கும் சிரிச்சனான்."

செல்வம் அங்கிள், அந்தச் சிரிப்பை இப்போதே எடுங்கள். 'மூஸ் அண்ணை' இருக்கட்டும். நாளை அவர் முகம் பார்க்கிற வியூவிங்கிலும் அப்படியே சொல்லுங்கள். ஆனால் சிரிக்காமல் சொல்லுங்கள். நான் வாசலிலேயே நிற்பேன்.

சிவா அங்கிள்... ஒருத்தரும் ஹோர்ன் அடிக்க மாட்டினம்.

ஆறுதலாப் போங்கோ.