அழித்துப் போட்ட கையெழுத்து

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், மூன்றாம் மாடி மூலை அறையில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். பார்வை மங்கிவிட்டதால், காலைக் கோப்பியோடு அவருக்குச் சிறிது நேரம் வாசித்துக் காட்டுவதும் என் வேலையாயிற்று.

அவர் கேட்டது ஒரே புத்தகத்தைத்தான். இளம் வயதில் அவர் படித்த வட இத்தாலிய நுண்கலைக் கழகத்தின் வரலாறு அது, டேனிஷ் மொழிபெயர்ப்பில். பிள்ளையில்லாத ஒரு பிரபு, தான் சேர்த்த ஓவியங்களையெல்லாம் ஊருக்கு எழுதிவைத்து, அவை தொங்கும் மண்டபங்களுக்குக் கீழேயே வசதியற்ற பிள்ளைகளுக்கு ஓவியப் பள்ளியும் நடத்தச் சொல்லிவிட்டு இறந்துபோனாராம். போர் வந்தபோது படங்களைச் சட்டங்களிலிருந்து கழற்றி மலைக் கிராமங்களில் ஒளித்தார்களாம். எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதையே வந்துவிட்டது.

அவர் கட்டிலுக்கு மேல் ஒரு படம் தொங்கியது: ஒரு சலவைக்காரியின் ஈரக் கைகள், கரியால் வரைந்தது. அந்தப் பள்ளியின் போட்டியில் அவருக்கு முதற்பரிசு வாங்கித் தந்த படம். அதன் கண்ணாடியை வாராவாரம் நான்தான் துடைத்தேன்.

ஒருநாள் ஆண்டுப் போட்டிகளைப் பற்றிய அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தார். அந்தப் படம் தன்னுடையதல்ல என்றார். கூடப் படித்த கிராமத்துப் பெண் ஒருத்தி வரைந்தது. தாயின் சாவுக்கு அவள் ஊருக்குப் போயிருந்த நாளில், மூலையிலிருந்த அவள் கையெழுத்தை அழித்துத் தன்னுடையதை இட்டுப் போட்டிக்குக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்து அவள் அழுததை ஒருவரும் நம்பவில்லை. படிப்பை விட்டுப் போய்விட்டாள்.

"பாணை உருட்டித்தான் அழித்தேன். கரி பாணுக்கு இலேசாகப் போய்விடும்" என்றபடி, காலை உணவுக்கு வைத்த பாண் துண்டைக் கோப்பியில் தோய்த்தார். தாடையில் ஊறிய துணுக்குகள் வழிந்தன. அதைத் துடைக்க வேண்டியவள் நான். துடைத்தேன். பிறகு குளியலறைக்குப் போய், தோல் சிவக்கும்வரை கைகளைக் கழுவினேன்.

சனிக்கிழமை வந்த மகளிடம் சொன்னேன். மகளுக்கு அது ஏற்கெனவே தெரியுமாம். நத்தார்ப் பண்டிகைக்கு எல்லாரும் கூடும்போது அப்பா சொல்லிச் சிரிக்கவைக்கும் கதையாம். தகப்பனைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டில் என் கணவர், "சாகப் போற மனிசன். நீர் ஏன் உதுக்குள்ள தலையைப் போடுறீர்?" என்றார்.

"சாகப் போறார் எண்டதுக்காக, செய்தது நல்லதாப் போயிடுமே?"



கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவோம், நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று கிழவரிடம் கேட்டுப் பார்த்தேன். புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டச் சொன்னார். பரிசு பெற்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. "பார்த்தாயா, வரலாற்றில் நான்தான் இருக்கிறேன்" என்றார். அன்றோடு வாசிப்பதை நிறுத்தினேன். குளிப்பாட்டவும் உணவூட்டவும் மட்டும் போனேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

வசந்தத்தில் அவர் இறந்தார். இறுதிச் சடங்கு முடிந்து, தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் எல்லாருக்கும் கோப்பி கொடுத்தார்கள். சலவைக்காரியின் கைகள் படத்தைப் பூக்களுக்கு நடுவே ஒரு தாங்கியில் வைத்திருந்தார்கள். அருகில் நின்ற ஒரு பெண், எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார் என்றார்.

"அவர் வரையவில்லை" என்றேன், டேனிஷில்.

அந்தப் பெண் கனிவாகச் சிரித்து, நான் மொழி தெரியாமல் சொன்னதாக எண்ணி, என் இறந்தகாலத்தைத் திருத்தினார்: இனி வரையமாட்டார் என்றுதான் சொல்ல வேண்டுமாம்.