வேலிக்கு வெளியே ஹாய்ட் மேப்ரி

ஹாய்ட் மேப்ரியைப் பற்றி எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் அப்பா மரம் அறுக்கிற மில்லில் கையைப் பறிகொடுத்த பிறகு படிப்பை நிறுத்திவிட்டு பெட்ரோல் பங்கில் வேலைக்குப் போனான். காலப்போக்கில் அந்தப் பங்கையே வாங்கினான். யாருடைய கார் நடுவழியில் நின்றாலும் ஆள் அனுப்ப மாட்டான், தானே போய் இழுத்து வருவான். குடிப்பழக்கம் கிடையாது. சர்ச்சில் காணிக்கைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் அவனும் ஒருவன். அவனுக்கிருந்த ஒரே பைத்தியம் கல்லூரி ஃபுட்பால், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஆட்டம்.

அலபாமாவில் அது தனி ஒருவனுடைய பைத்தியம் இல்லை, ஊருக்கே உள்ளதுதான். அதிலும் கல்லூரிக்குள் படிக்கக் கால் வைக்காதவர்களுக்குத்தான் முற்றிப்போயிருக்கும். சனிக்கிழமை எங்கள் ஊர்க் கல்லூரி அணி தோற்றால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஹாய்ட் காதில் ஏறாது. அவன் மனைவி ஐனெஸ் அந்த ஞாயிறுகளில் கோழி பொரிப்பதையே விட்டுவிட்டாள். பொரித்து யார் தின்பது?

வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்தோம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கல்லூரிக்காரர்கள் ஜெயித்த கையோடு எங்கள் கடைத்தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு போவார்கள். ஹாய்ட் பங்கை மூடி உள்ளே போய் உட்கார்ந்துகொள்வான். இந்த நிலைமையில்தான், அறுபத்தொன்பதாம் வருஷம், பழைய கோச்சைத் துரத்திவிட்டு ரக்கர் என்பவரைக் கொண்டுவந்தார்கள்.

கோச் ரக்கர் வந்த முதல் வாரமே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். காபிக் கடையில் பரிமாறுகிறவள் நான், அங்கேயும் பரிமாறப் போயிருந்ததால் நானும் கேட்டேன். "உங்க பசங்க வெண்ணெய் மாதிரி இருக்காங்க. ஆகஸ்ட் மாசம் அத்தனை பேரையும் மைதானத்துக்குள்ள கொண்டுபோறேன். ஆம்பளைங்க மட்டும் வெளிய வருவாங்க. மிச்சம் பேரு அவங்கவங்க அம்மாகிட்ட போகட்டும்" என்றார். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹாய்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் மகன் ராய்ஸ் அந்தப் பையன்களில் ஒருவன். ஆள் மலை மாதிரி இருப்பான், பேச்சு மட்டும் மெதுவாக வரும். மாட்டு டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. எங்கள் கடைக்கு வந்தால் ஒரு துண்டு ஆப்பிள் பை தின்றுவிட்டு, இன்னொன்றை வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பான். நானே எடுத்து வைத்துவிடுவேன். பழைய கோச் இரண்டு வருஷமாக அவனை பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார். ஆகஸ்ட் பயிற்சி முகாமில் கடைசிவரை நிற்கிறவனைத்தான் முதல் ஆட்டத்தில் இறக்குவேன் என்று ரக்கர் அறிவித்ததும் ஹாய்ட் கால் தரையில் நிற்கவில்லை. மேப்ரி என்ற பெயர் மைதானத்து ஒலிபெருக்கியில் வர வேண்டும். அந்த ஆசையைத்தான் பெட்ரோல் நாற்றத்தோடு இத்தனை காலமும் மனதுக்குள் வளர்த்துக்கொண்டிருந்தான்.

முகாம் கல்லூரி மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் நிலத்தில் நடந்தது. புல் கருகிக் கிடக்கும், முள் நிறைய. பையன்கள் ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து ஓடுவார்கள், ஒருவரை ஒருவர் முட்டுவார்கள், விழுவார்கள். தண்ணீர் கிடையாது. தண்ணீர் குடித்தால் கால் கனக்கும், மனசு இளகும் என்பது கோச்சின் வேதம். அவர் ஒருத்தரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தக் காலத்தில் எல்லா கோச்சும் அதைத்தான் சொன்னார்கள். தண்ணீருக்குப் பதிலாக உப்பு மாத்திரை கொடுத்தார்கள். வெயிலில் வறுபடுகிறவனுக்கு உப்பு!

வேலிக்கு இந்தப் பக்கம் மர நிழலில் எங்கள் ஊர் ஆண்கள் லாரிகளின் பின்பலகையைத் திறந்துபோட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். கடை முதலாளி ஐஸ் டீ போட்டு ஜாடியில் என்னிடம் கொடுத்தனுப்புவார். அதை உறிஞ்சிக்கொண்டே, இரும்புக்கடை பர்ல் சொல்வான்:

"இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. எங்க காலத்துல தண்ணிய கண்ணுலகூட காட்டமாட்டாங்க."

"உங்க காலத்துல நீங்க பேண்டு வாத்தியக் கோஷ்டியில குழல் ஊதிட்டு இருந்தீங்க பர்ல்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பர்லும் சிரித்தான், டம்ளரை இன்னொரு தடவை நீட்டினான்.

முடியாமல் போன பையன்கள் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். ஊருக்குப் போகும் பஸ் காலையில்தான். பஸ் நிற்குமிடம் எங்கள் கடைக்கு நேர் எதிரில். கையில் பெட்டி, முகமெல்லாம் காயம், வந்து நிற்பார்கள். அப்போது கடைக்குள் இருக்கும் ஆண்கள் சுழல் நாற்காலியைத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். பஸ் போகும்வரை யாரும் திரும்பமாட்டார்கள். ஓடிப்போகிறவன் முகத்தில் முழிக்கக் கூடாதாம். இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவன், வேறு யார், தங்கமான மனுஷன்தான். ஒவ்வொருவன் போகும்போதும் களை எடுத்த விவசாயி மாதிரி கடையே பூரிக்கும். மிச்சமிருப்பவர்கள் எஃகு, இந்த வருஷம் அக்கரைக்காரனுக்கு இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் காலை பெட்டியோடு வந்து நின்றவன் லாமர். விடுதியில் ராய்ஸுடன் ஒரே அறையில் இருந்தவன். ஈஸ்டருக்கு ஐனெஸ் கையால் சாப்பிட்டவன். கண்ணாடி வழியாக ஹாய்டைப் பார்த்ததும் கையைத் தூக்கினான்.

ஹாய்ட் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

"சின்னப் பையன் ஹாய்ட். ஒரு கை ஆட்டினா குறைஞ்சா போயிடுவ?" என்றேன்.

"இன்னிக்கு இவனுக்கு ஆட்டினா நாளைக்கு எம்பையன் போறேம்பான்" என்றான்.

அன்று பிற்பகல் நான் டீ ஜாடியோடு வேலியோரம் நின்றேன். ஹாய்ட் பக்கத்தில் இருந்தான். பர்லும் மற்றவர்களும் தள்ளி லாரியில் இருந்தார்கள். பந்து ஒன்று வேலிப்பக்கம் உருண்டு வந்தது. எடுக்க வந்தவன் ராய்ஸ். முகம் சுட்ட செங்கல் நிறத்தில் இருந்தது. அத்தனை வெயிலிலும் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, வீட்டுக்குப் போலாம்ப்பா."

"என்னடா சொல்ற?"

"முடியலப்பா. கூட்டிட்டுப் போயிடுப்பா."

ஹாய்ட் திரும்பி லாரிப்பக்கம் பார்த்தான். யாருக்கும் கேட்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "சனிக்கிழமை லிஸ்ட் போட்டுடுவாருடா. இவ்வளவு தாண்டிட்டியே. போ ராஜா, யாராவது பார்த்துடப் போறாங்க" என்றான்.

நான் காகிதக் கோப்பையில் டீ ஊற்றிக் கம்பிக்குள் நீட்டினேன். ஹாய்ட் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"வேணாம் வில்லா டீன். கோச் பார்த்தா இவ்வளவு நாள் பட்டபாடெல்லாம் வீணாப் போயிடும்."

கொடுமைக்காரன் பேச்சு இல்லை அது. அவசரமாக வாங்கியதில் டீ அவன் சட்டையில் கொட்டியது. மகனுக்கு நல்லது செய்கிறோம் என்று முழுசாக நம்பினான். ராய்ஸ் அந்தக் கோப்பையையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரிப்பா" என்றான். குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

பயிற்சி முடியுமுன் விழுந்தான். நடிக்கிறானா பாருங்கள் என்று கோச் கத்தியது வேலிவரை கேட்டது. நடிக்கவில்லை என்று தெரிந்து வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஐனெஸ் கறுப்பு உடுத்தினாள்.

சவ அடக்கத்துக்காக முகாமுக்கு அரை நாள் விடுமுறை விட்டார்கள், அந்தப் பெருந்தன்மையையும் சொல்லிவிட வேண்டும். சர்ச்சில் கோச் ரக்கர் எழுந்து பேசினார். "பலபேரு விட்டுட்டுப் போனாங்க. ராய்ஸ் மேப்ரி போகலை. வீட்டுக்குப் போறேன்னு அவன் வாயிலேர்ந்து ஒரு தடவைகூட வந்ததில்ல" என்றார். பெண்கள் விம்மினார்கள். ஆண்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள். முன்வரிசையில் ஹாய்ட் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனையே பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாக்கியத்தை ஊர் பிடித்துக்கொண்டது. உடை மாற்றும் அறைக் கதவில் எழுதினார்கள். ஹெல்மெட்டுகளில் அவன் எண்ணை ஒட்டினார்கள். முதல் ஆட்டத்தில் ஒலிபெருக்கியில் மேப்ரி என்ற பெயர் வந்தது. மைதானமே எழுந்து மௌனமாக நின்றது. ஹாய்ட் ஆசைப்பட்டது அப்படி நிறைவேறியது. அணியும் ஜெயித்தது, மேலும் மேலும் ஜெயித்தது. அக்கரைக்காரர்களைத் தோற்கடித்த அன்று பையன்கள் ஹாய்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ஐனெஸ் ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. இவன் எல்லாவற்றுக்கும் போனான். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் நின்றான், தலையாட்டினான். எங்கள் கடையில் அவனிடம் காபிக்குக் காசு வாங்குவதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். தினமும் குடித்தான், ஒரு சொல் பேசமாட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் லாமர் பஸ்ஸில் வந்திறங்கினான், கல்லூரி ஆபீசில் ஏதோ கையெழுத்துப் போட. வேலை முடிந்ததும் பசியோடு எங்கள் கடைக்குள் நுழைந்தான். கடை நிறைய ஆள். பர்ல்தான் முதலில் நாற்காலியைத் திருப்பினான். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஹாய்ட் திரும்பவில்லை.

"உக்காருடா" என்றான்.

"பரவால்ல சார். பொட்டலமா கட்டித் தரச்சொல்லி எடுத்துட்டுப் போயிடறேன்."

"உக்காருன்னேன்."

லாமர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். நான் முட்டையும் ரொட்டியும் வைத்தேன். ஹாய்ட் அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு பையன் தின்பதைப் பார்த்து அவனுக்கு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"எப்படிடா முடிஞ்சுது உன்னால?"

"எது சார்?"

"விட்டுட்டுப் போறது."

"வீட்டுக்கு போன் பண்ணேன் சார். அப்பா, கிளம்பி வாடான்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"பஸ்ஸுக்குக் காசிருக்கான்னு கேட்டாரு."

ஹாய்ட் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "எம்புள்ளையும் கேட்டான்" என்றான்.

பர்ல் திரும்பிப் பார்த்தான். "என்ன ஹாய்ட்?"

"ராய்ஸ். வீட்டுக்குப் போலாம்ப்பான்னு கேட்டான். வேலிக்கிட்ட வந்து நின்னு கேட்டான். நான்தான் போடான்னு அனுப்பினேன்."

பர்ல் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தான், அன்பாகத்தான்.

"துக்கத்துல மனசு என்னென்னமோ சொல்லும்ப்பா. ராய்ஸ் அந்த மாதிரி பையன் இல்ல."

"கேட்டான்யா."

"இல்ல ஹாய்ட். கேட்டிருக்கமாட்டான். கோச்சே சொன்னாரில்ல?"

காபி ஜாடியை ஓங்கி வைத்தேன். "கேட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன், என் காதால கேட்டேன்" என்றேன்.

"நீ காபிய ஊத்தும்மா வில்லா டீன்" என்றான் பர்ல். அதோடு முடிந்தது. நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, புத்தாண்டு ஆட்டத்துக்கு எத்தனை வண்டி போகிறது, யார் வண்டியில் யார் என்று பேச ஆரம்பித்தான். மற்றவர்களும் நிம்மதியாக அதில் கலந்துகொண்டார்கள். பெற்ற தகப்பனே சொன்னாலும் அவர்களுக்கு வேண்டாம். அந்த வாக்கியம் பொய் என்றால் அவர்கள் ஜெயித்ததெல்லாம் என்ன ஆவது?

ஹாய்ட் மேஜையைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை, வெறும் மூச்சில், "கேட்டான்" என்றான்.

லாமர் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"தெரியும் சார். நான் கிளம்பறப்போ அவனும் பெட்டிய கட்டித்தான் வெச்சிருந்தான். வாடா, சேர்ந்தே போயிடலாம்னேன். 'நீ முன்னால போ, எங்கப்பா மத்தியானம் வேலிப்பக்கம் வருவாரு, ஒரு வார்த்தை கேட்டுட்டு அவர் வண்டிலயே போயிடறேன்'னான். விடமாட்டேன்னு சொல்லிட்டா என்னடா பண்ணுவேன்னு கேட்டேன் சார். 'எங்கப்பாவா? சேச்சே, சொல்லமாட்டாரு'ன்னான்."