விசிலும் இடது கண்ணும்

முதலில் நான் சந்தேகப்பட்டது கோப்பையைத்தான்.

காலை டீயை வாயில் வைத்தால் இடது ஓரமாக வழிந்து சட்டையில் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தேன். மறுபடி வழிந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில், சரக்கைத் தரம் பிரிக்கும் பகுதியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சூளையிலிருந்து வருகிற கோப்பைகளில் விளிம்பு கோணியது, கீறல் விழுந்தது, மெருகு ஏறாதது எல்லாவற்றையும் கழித்துக்கட்டுவதே என் வேலை. அப்படிக் கழித்ததில் பாதி எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. ஆகவே டீ வழிந்தால் குற்றம் யாருடையது என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

வேறு கோப்பை எடுத்தேன். அதிலும் வழிந்தது. கோபம் வந்துவிட்டது. தொழிற்சாலையில் விளிம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தட்டையான கண்ணாடிப் பலகையின்மேல் கோப்பையைக் கவிழ்த்து, விரலால் லேசாகத் தட்டுவோம். கோணல் இருந்தால் ஆடும். வீட்டில் தட்டையான கண்ணாடி என்றால் முகச்சவரக் கண்ணாடி ஒன்றுதான். சுவரிலிருந்து அதைக் கழற்றி மேசைமேல் கிடத்தினேன். கோப்பையைக் கவிழ்த்துத் தட்டினேன். அசையவே இல்லை.

இன்னும் குனிந்து பார்த்தேன். கோப்பைக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குள் ஒரு முகம் இருந்தது. வாய் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் இமைக்காமல் முறைத்தது. அது என் முகம்தான் என்று ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

என் மனைவி லூர்து காலைப் பூசை முடிந்து கோவிலிலிருந்து வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தாள்.

"ஏங்க, கண்ணாடிய எதுக்குக் கழட்டினீங்க? டீ எல்லாம் கொட்டிக் கெடக்குது."

நான் நிமிர்ந்தேன். அவள் கையிலிருந்த ஜெபமாலை கீழே விழுந்தது. பக்கவாதம் என்றுதான் இருவருமே நினைத்தோம். அந்தச் சொல்லை இருவருமே சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

இதெல்லாம் எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. உங்களில் யாருக்காவது ஒரு காலையில் முகத்தின் ஒரு பாதி பேச்சைக் கேட்காமல் போயிருந்தால், அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் டாக்டரைப் பார்க்கும் முன்பே அழுது தீர்த்துவிடாதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்தேன். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மனத்துக்குள் என் அடக்கத்தையே நடத்தி, வராதவர்கள்மீது கோபமும் பட்டு முடித்திருந்தேன்.

டாக்டர் இளைஞர். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். நடக்கச் சொன்னார், நடந்தேன். பிறகு புருவத்தைத் தூக்கி நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது நெற்றி சுருங்கியது, இடது பக்கம் சலவைக்குப் போய் வந்ததுபோல மடிப்பில்லாமல் இருந்தது. அதைப் பார்த்துதான் அவர் சிரித்தார்.

"நெத்தியும் சேந்து சுருங்கலைன்னா இது மூளையில வர்ற கோளாறு இல்லைங்க. இது முகவாதம். காதுக்குப் பின்னால இருந்து முகத்துக்கு வர்ற நரம்பு வீங்கிக்கிட்டு இருக்குது. கையும் காலும் நல்லா இருக்குது. பயப்படாதீங்க."

"எதனால வந்துதுங்க?" என்று லூர்து கேட்டாள். "முந்தா நேத்து பெண்ணாடத்துல மேட்சுன்னு போயிட்டு, பஸ்ஸுல ஜன்னலோரமா ஒக்காந்து வந்தாருங்க. காத்து அடிச்சுடுச்சோ?"

"பெரும்பாலும் எதனாலன்னு எங்களுக்கே தெரியாதும்மா. ஜன்னல் மேல பழி போடாதீங்க."

இதைக் கேட்டு லூர்துவுக்கு ஏமாற்றம். திட்டுவதற்கு ஒரு ஜன்னலாவது இருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை (நரம்பின் வீக்கத்தைக் குறைப்பது) எழுதிக் கொடுத்தார். கண் மூடாததால் கருவிழி காய்ந்து புண்ணாகக்கூடும், அதுதான் இதில் உண்மையான ஆபத்து என்றார். பகலில் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும், தூங்கும்போது கண்ணை மூடி ஒட்டும் துணியும் வேண்டும் என்றார். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"டாக்டர், பொங்கலுக்குள்ள விசில் ஊத முடியுமா?"

ப வரவில்லை, வ வரவில்லை. உதடு சேர வேண்டிய எழுத்து எல்லாமே காற்றாகப் போயிற்று. லூர்துதான் மொழிபெயர்த்தாள்.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஓய்வு பெற்ற மனிதனை ஊர் எப்படி நடத்தும் என்று ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரியும். "சும்மாதானே இருக்கீங்க" என்ற ஒரு வாக்கியத்தில் நம்மை ரேஷன் கடைக்கும், மாவு மில்லுக்கும், பக்கத்து வீட்டுக்காரரின் மணியார்டருக்காக அஞ்சலகத்துக்கும் அனுப்பிவிடுவார்கள். செய்தித்தாளை நமக்கு முன்னால் மூன்று வீடு படித்திருக்கும். நாம் மின்விசிறியைப் போட்டால் பகலிலேயே விசிறியா என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், சாயங்காலம் இளைஞர்கள் பூப்பந்து ஆடுவார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், சுண்ணாம்புக் கோடு. வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் உயரமான நாற்காலி. அதில் நான். கழுத்தில் விசில்.

வாழ்நாள் முழுக்க நல்லதையும் கெட்டதையும் பிரித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது? பந்து தரையைத் தொடும் முன்பே என் விசில் கேட்கும் என்று பையன்கள் சொல்வார்கள். நான் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன். பொங்கல் போட்டிக்கு வேப்பூர், பெண்ணாடம், கம்மாபுரம் எல்லா இடத்திலிருந்தும் அணிகள் வரும். ஒவ்வொரு வருடமும் நடுவர் நான்தான். அந்த நாற்காலி போய்விட்டால், எனக்கு மிஞ்சுவது ரேஷன் கடை மட்டுமே.

விசிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக வந்தவர் நாராயணசாமி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என் சிநேகிதர்தான். ஆனால் அன்றைக்கு அவர் கையை நீட்டியபோது எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

"சூப்பர்வைசரே, ஒடம்பு தேறுற வரைக்கும்தான். நமக்கு இது பழகின சாமான்தானே."

பழகிய சாமான் என்பதுதான் தொல்லை. எங்கள் வீட்டுக்கு மைதானம் காதுக்கெட்டும் தூரம். நாராயணசாமி ஊதினால் சேலம் வண்டி புறப்படுவதுபோல நீளமாக ஊதுவார். இந்த நோயில் இன்னொரு வேடிக்கை உண்டு. காதுக்குள் ஓசையை அடக்கும் சிறு தசைக்கும் அதே நரம்புதான். அது வேலை செய்யாததால் அந்தப் பக்கத்துக் காதில் எல்லாமே இரண்டு பங்காகக் கேட்கும். லூர்து கரண்டியை வைத்தால் இடி. நாராயணசாமி ஊதினால் என் தலைக்குள்ளேயே ரயில் கிளம்பும்.

ஆட்டம் முடிந்ததும் அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, யார் யார் என்ன செய்தார்கள் என்று விவரிப்பார். அவருடைய தீர்ப்பில் பாதி தவறு என்று நான் கையை ஆட்டிச் சொல்வேன். அவர் மறுப்பார். ஒருநாள் கூடையில் ஒரு புறாவைக் கொண்டு வந்தார். புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் கோணிய முகம் நிமிர்ந்துவிடுமாம். லூர்து கூடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவரு மொகம் கோணினதுக்கு இது என்னாங்க பண்ணுச்சு?"

புறா எங்கள் ஓட்டுக்கூரையிலேயே தங்கிவிட்டது. என் காதுக்கு அதன் குனுகலும் இரண்டு பங்கு.

முதல் சில வாரங்கள் நான் வெளியே போகவில்லை. வெட்கம். சோறு இடது கன்னத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும், விரல் விட்டுத் தேட வேண்டும். நாக்கில் பாதிக்கு ருசி தெரியாது. டீயை எப்படிக் குடிப்பது என்பதை லூர்து தீர்த்து வைத்தாள். நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் மூக்கு வைத்த கோப்பை ஒன்று வீட்டில் இருந்தது. மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நானே கழித்தது. இத்தனை காலம் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அதில் டீ ஊற்றிக் கொடுத்தாள். என் வாயும் வலப்பக்கம்தான் இழுத்திருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த நோயில் நான் முதன்முதலாகச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அன்று டீயை மறுபடியும் வாங்கிக் குடித்தேன்.

முகத்தசைக்குப் பயிற்சியாக டாக்டர் பலூன் ஊதச் சொல்லியிருந்தார். பேரப் பிள்ளைகளும் இல்லாத வீட்டில் பலூன் வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் நடக்க எனக்கு மனம் வரவில்லை. லூர்து ஊதுகுழலைக் கையில் கொடுத்தாள்.

"சும்மாதானே இருக்கீங்க. அடுப்பையாவது ஊதுங்க."

அந்த வாக்கியத்தை நான் மன்னித்தது அந்த ஒரு முறைதான். காலையும் மாலையும் அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். காற்று குழலுக்குள் போகாமல் இடது உதட்டோரமாக ஓடிப்போனது. சாம்பல்தான் பறந்தது. கன்னத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினேன். இடது கண்ணில் நீர் வழிந்தபடியே இருக்கும். அது நோயினாலா, புகையினாலா, அழுகையா என்று யாருக்கும் தெரியாமல் போனது ஒரு வசதி.

நீங்கள் இப்போது இந்தக் கட்டத்தில் இருந்தால் ஒன்று சொல்வேன். கண்ணாடியை அடிக்கடி பார்க்காதீர்கள். முகம் நாம் பார்க்கும்போது மாறாது. எனக்கு அது கார்த்திகை மழையில் தெரிந்தது. விறகு ஈரம். வழக்கம்போலக் கன்னத்தை அழுத்தி ஊதிக்கொண்டிருந்தேன். மழைக்கு ஜன்னலைச் சாத்தக் கையை எடுத்தவன், திரும்பி வந்து கன்னத்தைப் பிடிக்க மறந்தே ஊதினேன். குபுக்கென்று தீ பிடித்தது. லூர்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பிடிக்காமயே ஊதினீங்களா?"

இன்னொரு முறை ஊதிக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொள்ளாமலேயே என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு இருவருமே அழுதோம். எனக்கு இரண்டு கண்ணிலும் வந்தது.

மார்கழியில் நாராயணசாமி விசிலைத் திருப்பிக் கொடுத்தார். வெந்நீரில் கழுவி, நூல்கூடப் புதிதாகக் கோத்திருந்தார். "சீக்கிரமா வாங்க, பசங்க என்னைத் திட்டுறானுங்க" என்றார். நான் மைதானத்துக்குப் போனேன், நாற்காலியில் ஏறினேன், ஊதினேன். விசில் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. ஊதும்போதெல்லாம் என் இடது கண் தானாக மூடிக்கொண்டது.

டாக்டரிடம் ஓடினேன். நரம்பு மறுபடி வளரும்போது சில இழைகள் இடம் மாறிப் போய்ச் சேர்ந்துவிடுமாம். வாய்க்குப் போக வேண்டிய கட்டளை கண்ணுக்கும் போய்விடுகிறது. "இது கொஞ்சம் அப்படியேதான் இருக்கும்" என்றார். கண்ணை மூடாமல் பயமுறுத்திய முகம், இப்போது வேண்டாத நேரத்தில் மூடிக் கேலி செய்தது.

பொங்கல் போட்டியின் முதல் நாளே வம்பு வந்தது. நான் ஒரு தவறுக்கு ஊதியதும் வேப்பூர் அணித் தலைவன் மட்டையைக் கீழே போட்டான்.

"என்னா சார் இது, எதிர்டீமைப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நாராயணசாமி கோட்டுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, முகவாதம் என்றால் என்ன என்று ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்தார், புறாவையும் சேர்த்து. ஆனால் பையன் கேட்டதில் பாதி நியாயம்தான். ஊதும் நேரத்தில் ஒரு கண் மூடுகிற நடுவரை எப்படி நம்புவது? இறங்கிவிடலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். பிறகுதான் எளிய வழி ஒன்று தோன்றியது. முதலில் பார். முழுவதும் பார். அப்புறம் ஊது.

இறுதி ஆட்டம் பெண்ணாடத்துக்கும் எங்கள் ஊருக்கும். இரண்டு அணிக்கும் கடைசிப் புள்ளி ஒன்றுதான் பாக்கி. பெண்ணாடத்துப் பையன் அடித்த பந்து எங்கள் பின்கோட்டில் விழுந்தது. பழைய நானாக இருந்தால் பந்து காற்றில் இருக்கும்போதே "வெளியே" என்று ஊதியிருப்பேன். ஊர் முழுக்க அதற்குத்தான் காத்திருந்தது. நான் ஊதவில்லை. பந்து விழுந்ததைப் பார்த்தேன். கோட்டிலிருந்து வெள்ளையாகத் தூசி எழுந்ததைப் பார்த்தேன். அது அடங்கும் வரை பார்த்தேன். பிறகு ஊதினேன். புள்ளி பெண்ணாடத்துக்கு.

ஊர்க்காரர்கள் என்னைத் திட்டத் தொடங்குவதற்குள் நாராயணசாமி பந்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். மஞ்சள் கம்பளியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கோட்டைத் தொட்ட பந்து உள்ளே விழுந்த பந்துதான். கூட்டம் கலையத் தொடங்கியது.

வீட்டுக்கு வரும் வழியில் லூர்து எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். ஊர் தோற்றதில் வருத்தம் என்று நினைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"நான் நேர் எதிர்க்கதான் ஒக்காந்திருந்தேன். கல்யாணமான புதுசுலகூட நீங்க என்னைப் பாத்து இப்படிக் கண்ணடிச்சதில்ல. இப்ப ஊரே பாக்க அடிக்கிறீங்க."

அதற்குப் பிறகு பல பொங்கல் போயிற்று. முகம் ஏறக்குறைய நேராகிவிட்டது, சிரித்தால் மட்டும் லேசாகத் தெரியும். நேராக வேண்டும் என்று இப்போது அவசரம் இல்லை. பந்து விழுவதற்கும் விசிலுக்கும் நடுவில் ஒரு சிறு நேரம் இருப்பது முன்பெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அதைத் தாண்டியே ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது அதில் நின்று பார்க்கிறேன். ஊதினால் இடது கண் மூடிக்கொள்ளத்தான் செய்கிறது. மூடட்டும். பார்க்க வேண்டியதை அதற்குள் பார்த்திருப்பேன்.