சங்கிலியும் இத்தாலிக்காரியும்

பயப்படுவதற்கென்றே பிறந்தவன் எங்கள் பக்கத்து வீட்டு சங்கிலிபூதத்தான். பெயரைக் கேட்டால் பேயே ஒதுங்கிப் போகும். ஆளோ, கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து சிந்துபூந்துறைக்குத் திரும்பி வருவான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டிரைவர் பக்கத்திலேயே காலம் கழித்ததால் இஞ்சின் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் ஒரு டாக்டர் வீட்டில் துருப்பிடித்து நின்ற பழைய ஃபியட்டை வாங்கினான். அவன் மனைவி பேச்சித்தாய் அதை 'இத்தாலிக்காரி' என்பாள். சக்களத்தியைச் சொல்கிற தொனி.

அதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி தெருவுக்குள் வந்த அன்று, இவன் கயிற்றை எடுத்துக்கொண்டு காரை மின்கம்பத்தில் கட்டப் போனான். வீட்டுக்குள் அவளுடைய தையல் மிஷின் முங்கியது. கார் மட்டும் தப்பித்ததா என்ன? இஞ்சின் முழுக்கச் சேறு. அதை வீட்டிலேயே பிரித்து மாட்டப் போவதாக இவன் கிளம்பியதும் அவள் ஒரே பேச்சில் முடித்தாள்.

"வர்ற தீபாவளிக்குள்ள ஓடணும். இல்லன்னா கேக்குத ஆளுக்குக் குடுத்திரணும்."

பழைய கார் சேர்க்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இவனும் சாமி படத்தைத் தொட்டு ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முன்னறையில் வேட்டியை விரித்து ஒவ்வொரு சாமானையும் டீசலில் கழுவி அடுக்கினான். பேச்சித்தாய் விளக்குமாற்றை எடுத்தாலே "தூசி, தூசி" என்று கத்துவான். மளிகைக் கடைக்காரனான எனக்கு டார்ச் பிடிக்க மட்டும் அனுமதி. இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை மட்டும் தச்சநல்லூரில் லேத் வைத்திருக்கும் சிநேகிதன் சிவசைலத்திடம் கொடுத்து, அடிப்பக்கத்தைச் சமமாக்கி வாங்கி வந்தான். ஆயுத பூஜையன்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, மறுநாள் துடைத்துவிட்டு மாட்ட ஆரம்பித்தான்.

முதல் தடவையிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவே கூடி நின்றது. சங்கிலி சிரிக்க வாயெடுத்த நேரத்தில் மேலே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். வால்வு இடைவெளியைச் சரிபார்த்தான், சத்தம் போகவில்லை. ஆயிலை மாற்றினான், போகவில்லை. இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கீழே ஆயில் நன்றாகச் சுற்றுகிறது. மேலே வால்வுகளை அமுக்குகிற ராக்கர்கள் சொட்டு ஆயில் இல்லாமல் காய்ந்து கிடக்கின்றன. இப்படியே ஓட்டினால் எல்லாம் தேய்ந்து இரும்புக் கடைக்குத்தான் போகும்.

"அண்ணாச்சி, மேல ஆயில் ஏற மாட்டேங்கு," என்று என்னிடம் வந்து நின்றான். தீபாவளி நெருங்கிவிட்டது, கோயம்புத்தூர்க்காரர் வேன் பேசியாகிவிட்டது என்று போன் பண்ணிவிட்டார்.

பயம் முற்றியதும் அவனுக்குப் பழிபோட ஒரு ஆள் தேவைப்பட்டது. லேத்தில் பறந்த இரும்புத்தூள்தான் ஹெட்டின் ஆயில் துவாரத்தை அடைத்துவிட்டது என்று முடிவுகட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு தச்சநல்லூர் போனான். கடை நிறைய ஆட்கள்.

"என் சோலிய முடிச்சிட்டியேலே!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினான்.

சிவசைலம் மிஷினை நிறுத்தினான். "காத்தடிச்சுச் சுத்தம் பண்ணித்தாம்லே குடுத்தேன்."

"பொய் சொல்லாத! ஒன்ன நம்புனவன் உருப்பட மாட்டான்!"

எனக்கே கேட்கப் பொறுக்கவில்லை. சிவசைலம் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் சங்கிலி ஹெட்டைத் திரும்பக் கழற்றி, துவாரத்தில் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினான். இரும்புத்தூள் வரவில்லை. மஞ்சளாக, கெட்டியாக ஒரு கட்டி உள்ளங்கையில் விழுந்தது. ஒரு முனையில் சிவப்பு. மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். சந்தனம்.

பொட்டு வைக்க வாகான இடம் என்று அந்தத் துவாரத்தின் மேலேயே கட்டைவிரலால் அழுத்தி வைத்திருக்கிறான். மறுநாள் துடைத்தது மேலே இருந்ததை மட்டும்தான். வீட்டில் ஒருத்தரையும் கிட்டே விடாதவன் தானே அடைத்து வைத்திருக்கிறான். எரிச்சலாக வந்தது, அவன் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

புது கேஸ்கட் போட்டு ஹெட்டை மாட்டியதும் சத்தம் நின்றது. ராக்கர்களில் ஆயில் மினுமினுத்தது. ஆனால் பேச்சித்தாய் வாசலை மறித்து நின்றாள்.

"மொத ஓட்டம் தச்சநல்லூருக்கு. நாலு பேரு முன்ன ஏசுனத நாலு பேரு முன்னயே தீத்துட்டு வாங்க. இல்லன்னா வேன்காரன் கொண்டு போட்டும்."

சங்கிலிக்கு இஞ்சின் பயம் போய் இந்தப் பயம் பிடித்துக்கொண்டது. "செருப்பால அடிப்பானோ அண்ணாச்சி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

அன்றும் லேத் கடையில் கூட்டம். இறங்கிப் போய், காகிதத்தில் மடித்த கட்டியை நீட்டினான். "தப்பு என் மேலதாம்லே. நாந்தான் சந்தனத்த வச்சு அடைச்சிட்டேன்." எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்.

சிவசைலம் அதை வாங்கி மோந்தான். உள்ளே போனான். போனவன் வர நேரமாயிற்று. கடைசியில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனக் கிண்ணத்தோடு வந்து, கிரீஸ் படிந்த விரலால் தொட்டு, சங்கிலியின் நெற்றியில் அழுத்தி வைத்தான்.

"இனிமே இங்கன வையிலே. இங்கன ஓட்டை கெடையாது."

கூட்டம் சிரித்தது. சங்கிலி அழுதுவிட்டான். பின்னால் கார் ஓடியபடியே நின்றது; திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவன் அதை அணைக்கவே இல்லை.