பூங்கோதை மேல் ஒரு பிராது

சொர்ணாம்பாள் மணவாளநல்லூருக்குத் தனியாகப் போய், தன் மருமகள் மேல் பிராது கட்டிவிட்டு வந்தாள். நெற்றி நிறைய விபூதியோடு பஸ் இறங்கி வந்தவள், அரிசி களைந்துகொண்டிருந்த பூங்கோதையின் எதிரில் நின்று சொன்னாள்.

"கொளஞ்சியப்பர்கிட்ட எழுதிக் கட்டிட்டேன். என் ரெட்டைவடச் சங்கிலிய எடுத்தவ நீதான்னு பேரு போட்டே கட்டியிருக்கேன். இனிமே நீயாச்சு, அவராச்சு."

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில், கோர்ட்டில் மனு கொடுப்பதுபோல ஊர், தெரு, பெயர், குறை எல்லாவற்றையும் தாளில் எழுதி, சாமி முன் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்ப்புச் சொல்லும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்தால் கட்டியவரே போய் வாபஸ் வாங்க வேண்டும். வெறும் வாயால் திட்டுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிராது அப்படியல்ல. பொய்யாகக் கட்ட யாருக்கும் துணிச்சல் வராது.

அந்தச் சங்கிலி வீட்டில் இல்லவே இல்லை. சொர்ணாம்பாளின் மகள் இளமதியின் கல்யாணத்தின்போது அதை அழித்து ஆரம் செய்தார்கள். ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்ததே சொர்ணாம்பாள்தான்.

பூங்கோதை கம்மாபுரம் பக்கத்துப் பெண். சொந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபிறகு, கல்யாணத்துக்கு முன்பே பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகள் காய்ந்ததும், இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பான்ஜால் துடைப்பது அவள் வேலை. கொஞ்சம் அழுத்தினால் பொம்மையின் கை கழன்றுவிடும். லேசாக விட்டால் சூளையிலிருந்து வரும்போது கோடு தழும்பாகத் தெரியும். கல்யாணமாகி வந்ததும் வேலையை விடச் சொல்வார்கள் என்று பயந்தாள். சொர்ணாம்பாள்தான், "ஏன் வுடணும்? புள்ளைய நான் பார்த்துக்கறேன், நீ போ" என்றாள். அந்தப் பிள்ளை இப்போது கடலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கணவன் கொளஞ்சிநாதன் மங்கலம்பேட்டை மினிபஸ்ஸுக்கு டிரைவர்.

இப்படி வாழ்ந்த இடத்தில்தான் 2007 ஆடியில் பிராது வந்து விழுந்தது.

செய்தி கம்பெனிக்கு வந்துசேர ஒரு நாள்கூட ஆகவில்லை. பக்கத்துப் பலகையில் உட்காரும் பாஞ்சாலை, தன் மணிபர்ஸை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தப்பா நெனச்சிக்காத பூங்கோத. நான் ஒன்னும் நம்பல."

"நம்பலன்னா பர்ஸு ஏன் எடம் மாறுது?"

"அதில்லடி. பிராதுன்னா சும்மா கட்டுவாங்களா?"

அதைத்தான் பூங்கோதையும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே மாமியார் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறாள். கழுவிய தட்டுகளை பீரோவில் வைக்கிறாள். ஒரே கேள்வியை விடாமல் கேட்கிறாள். இதையெல்லாம் பார்த்தவளுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் தனியாகப் பஸ் ஏறி, பிராது எழுதுகிறவரிடம் தெருப் பெயர், புருசன் பெயர், மருமகள் பெயர் எதுவும் பிசகாமல் சொல்லி எழுதவைத்தவளுக்கா புத்தி தடுமாறும்? கொளஞ்சிநாதன் அப்படித்தான் கேட்டான். தெருவே அப்படித்தான் கேட்டது. ஆகவே உப்பும் தட்டும் வேண்டுமென்றே செய்கிற வேலை என்று முடிவாயிற்று. பூங்கோதை மாமியாரோடு பேசுவதை நிறுத்தினாள்.

சொர்ணாம்பாள் நிறுத்தவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சங்கிலி கதையைச் சொன்னாள். ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போய்விட்டாள். அதன்பிறகு, வேலைக்குப் போகும்போது பூங்கோதை வெளியே பூட்டுப் போட ஆரம்பித்தாள். கொளஞ்சிநாதன் சொல்லித்தான் பூட்டினாள். ஆனால் சாவியைத் திருப்பும்போது அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் கம்பெனி கேட்டில் நின்று கத்தினாள். "பூங்கோத! உங்க வூட்டு ஓட்டுல பொகடி! சாவி எங்கடி? உள்ள கெழவி இருக்குது!"

சூப்பர்வைசர் சுப்புராயன் தன் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தார். பூட்டில் சாவி நுழையவில்லை. கையெல்லாம் களிமண். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி செருகினாள். கதவு திறந்ததும் கறுப்புப் புகை முகத்தில் அடித்தது. எரிகிற காஸ் அடுப்பின்மேல் பிளாஸ்டிக் குடம் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. சுப்புராயன் அடுப்பை அணைக்க, பூங்கோதை சுவரைத் தடவிக்கொண்டே உள்ளறைக்குப் போனாள்.

சொர்ணாம்பாள் மூலையில் குந்தியிருந்தாள். இருமல் நிற்கவில்லை. பூங்கோதை கையைப் பிடித்ததும் உதறினாள்.

"யாரும்மா நீ? நான் வரல. எம்மருமவ வேலைக்குப் போயிருக்குது. அது வந்து தொறக்கும். நல்ல பொண்ணு அது, சொல்லாம எங்கயும் போவாது."

பூங்கோதை அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் சொர்ணாம்பாளிடம் நிறையக் கேள்வி கேட்டார். என்ன கிழமை, எந்த ஊர், நூறிலிருந்து ஏழு போனால் எத்தனை. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மற்றவர்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"இது வயசான மறதி இல்லைங்க. மூளை கொஞ்சம் கொஞ்சமாத் தேயுற நோவு. மாத்திரை ஓரளவுதான் கேக்கும்."

"பிராது கட்டுனாங்களே டாக்டர், ஒரு பேருகூட தப்பாம?" என்றான் கொளஞ்சிநாதன்.

"ஆரம்பத்துல அப்படித்தான். பழசு பளிச்சுன்னு இருக்கும், புதுசு நிக்காது. ஒரு பொருளக் காணோம்னா அது எங்க போச்சுன்னு மனசு ஒரு கதை கட்டிக்கும். பக்கத்துல இருந்து பார்த்துக்கறவங்க யாரோ, பெரும்பாலும் அவங்க மேலதான் பழி வுழும். எதிர்த்து வாதாடாதீங்க, தோத்துடுவீங்க. தனியா பூட்டியும் வைக்காதீங்க."

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் டாக்டர் சொன்ன ஒரு முதியோர் இல்லத்தையும் பார்த்தார்கள். சுத்தமாகத்தான் இருந்தது. பொறுப்பாக இருந்த அம்மாள் கேட்டார்: "உங்கம்மா எப்ப சாப்பிடுவாங்க? ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிப்பாங்க? எதுக்குப் பயப்படுவாங்க?" கொளஞ்சிநாதன் மனைவியைப் பார்த்தான்.

"அண்ணன்கிட்ட பஸ்ஸு டைமிங் கேளுங்க, சொல்லுவாரு" என்றாள் இளமதி. பெண்ணாடத்திலிருந்து வந்திருந்தாள். சிரித்துவிட்டு, உடனே சொன்னாள்: "இங்கியே வுட்டுடுவோம் அண்ணி. அடுத்த தடவ வூடே எரிஞ்சிட்டா?"

பூங்கோதை சொன்னாள். "நோவுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்குப் புரியுது. ஆனா வேலுல என் பேரு தொங்குது. திருடிங்கிற பேரோட அவங்களுக்குச் சோறு ஊட்ட என்னால முடியாது. அத்தை வாபஸ் வாங்கட்டும், வூட்டுல வச்சிப் பார்க்கறேன். வாங்கலன்னா இங்க வுட்டுடுங்க. நான் தடுக்கல."

மறுநாள் நால்வரும் மணவாளநல்லூர் போனார்கள். சொர்ணாம்பாள் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தாள். கோயிலில் பிராது எழுதுகிறவர் நிதானமாகக் கேட்டார். "அம்மா, உங்க மருமவ மேல கட்டுன பிராத வாபஸ் வாங்கறீங்களா?"

அவள் முகம் மாறிவிட்டது. "எதுக்கு வாங்கணும்? சங்கிலி வந்துடுச்சா?"

இளமதி கழுத்திலிருந்த ஆரத்தைத் தூக்கிக் காட்டினாள். "இந்தா, இதாம்மா உன் சங்கிலி. அழிச்சிப் பண்ணோமே."

"போடி இவளே! அது உம்மாமியா வூட்டு நகை. எடுத்தவ எடுத்தவதான். மாட்டேன்."

ஒரு மணி நேரம் கெஞ்சினார்கள். கொளஞ்சிநாதன் அம்மாவின் காலைப் பிடித்தான். அவள் அசையவில்லை. வெயில் ஏறியது. வாபஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இளமதி, பூங்கோதையின் காதருகே வந்தாள்.

"அண்ணி, கட்டவெரலைப் புடிச்சி வச்சிடுவோம். அதுக்குத் தெரியவா போவுது?"

பூங்கோதை மாமியாரின் கையைப் பார்த்தாள். மடியில் கிடந்த கை, புடவை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தது. பிடித்து அழுத்தினால் முடிந்துவிடும். தெரு வாயை அடைத்துவிடலாம். பாஞ்சாலையின் முன்னால் நிமிர்ந்து உட்காரலாம். மைப்பெட்டியைத் திறந்து, இளமதி நீட்டினாள்.

"வேணாம், மூடு" என்றாள் பூங்கோதை.

"ஏன் அண்ணி?"

"அவங்களுக்குத் தெரியாது. உள்ள நிக்கிறவருக்குத் தெரியுமில்ல? இப்பவரைக்கும் நான் ஒரு தப்பும் பண்ணல. இதப் பண்ணினா பண்ணவதான்."

"அப்ப இல்லத்துலயே வுட்டுடுவோமா?" என்று கேட்டான் கொளஞ்சிநாதன்.

பூங்கோதை சந்நிதிப் பக்கம் திரும்பி, வேலில் கொத்துக்கொத்தாகத் தொங்கிய தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது தன்னுடையது என்று தெரியவில்லை.

"பிராது கட்டுனது சீக்கு. சீக்கு வந்து எங்க வாபஸ் வாங்கப்போவுது? அது பாட்டுக்குத் தொங்கட்டும். அத்தை வூட்டுக்கு வரட்டும். ஆனா நான் வேலைய வுட மாட்டேன், கேட்டுக்குங்க. நீங்க காலை ஷிப்ட வுட்டுட்டு மத்தியான ஷிப்டு கேளுங்க. நான் வர்றவரைக்கும் இடையில கண்ணம்மா அக்காவுக்குக் கூலி கொடுத்து உட்காரவைப்போம். இளமதி, மாசத்துல ஒரு வாரம் ஒங்க வூட்டுக்குக் கூட்டிப்போ. காஸ் சிலிண்டர வெளிய வச்சி, போவும்போது மூடிடணும். பூட்டு கெடையாது. நம்மால முடியாத கட்டம் வந்தா, அந்த இல்லத்துக்கு எல்லாரும் சேர்ந்துதான் போவோம். அப்பயும் பிராதுக்காகப் போவ மாட்டோம்."

இளமதி முணுமுணுத்தாள். தன் மாமியாரிடம் கேட்க வேண்டும் என்றாள். "கேளு. இல்லன்னா நானே வந்து கேக்கறேன்" என்றாள் பூங்கோதை.

ஷேர் ஆட்டோவில் சொர்ணாம்பாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில் முழங்கையால் இடித்து, ரகசியமாகக் கேட்டாள்.

"கேசு இன்னாச்சு? அவளுக்குத் தண்டனை உண்டா?"

ஆட்டோவில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கோதைக்கு முகம் சிவந்தது.

"வாய்தா போட்டிருக்காங்க அத்தை. கம்பிய நல்லா புடிச்சிக்குங்க, பள்ளம் வருது."