வரப்பு தாண்டிய ஆடுகள்

ஐவி எண்டகாட், கடைக்குள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போவாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தொழுவத்துப் பக்கம் ஒதுங்கிவிடுவாள். திமிர் ஒன்றும் இல்லை; பேச்சு வராது, அவ்வளவுதான். கணவன் ஸ்டான் இருந்தவரை அவளுக்கும் சேர்த்து அவனே பேசினான். சந்தையில் விலை பேசுவது, மலையில் ஆடு திரட்ட அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவது எல்லாம் அவன் பாடு. ஈற்றுக் காலத்தில் ஒரு தாயாடு திணறினால் மட்டும் ஐவியைத் தேடி வருவார்கள். அவள் கை சின்னது. உள்ளே விட்டுக் குட்டியின் முன்னங்காலைப் பிடித்துத் திருப்பி வெளியே எடுத்துவிடுவாள். அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை.

ஸ்டான் இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் போனான். அடுத்த மாதமே ஆடுகளை மூர் என்ற மேட்டுப் புல்வெளியிலிருந்து கீழே இறக்க வேண்டியிருந்தது. டார்ட்மூரின் கருமுகத்து ஆடுகள் ஆளைக் கண்டால் ஓடும். நாயும் விசிலும் நாலு ஆட்களும் இல்லாமல் இறங்காது. கேட்டால் யாரும் வருவார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரூபன் ஹெக்ஸ்ட், சாவு வீட்டில் வைத்தே கேட்டுவிட்டார், எப்போது இறக்குவது என்று. ஐவி தலையை ஆட்டினாளே தவிர நாள் சொல்லவில்லை. ஊரார் தங்கள் ஆடுகளோடு சேர்த்து அவளுடையதையும் இறக்கிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களை உட்காரவைத்து ஒரு வாய் தேநீர் கொடுப்பதற்குள் அவளுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. வருஷா வருஷம் இதை எப்படித் தாங்குவது என்று அன்று இரவு நினைத்தாள்.

அந்த வாரம் ஒரு தரகர் முற்றத்தில் வண்டியை நிறுத்தினார். அவள் மந்தையை அப்படியே எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வேறு ஆடு தருவதாகச் சொன்னார். அதே கருமுகம், அதே கொம்பு. ஆனால் தாழ்வெளியில் வேலி போட்ட வயலில் வளர்ந்தவை. வாளியில் தீவனத்தைக் குலுக்கினால் போதும், நாய்க்குட்டி மாதிரி பின்னால் வரும் என்றார். ஆளே தேவையில்லை என்றதும் ஐவி தலையசைத்தாள். தலையசைப்பே போதுமானதாக இருந்தது.

அவள் செய்தது என்ன என்பது அந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூரில் வேலி கிடையாது. தாயாடு தான் பிறந்த இடத்தில் மேயும். அதன் குட்டி அதன் காலடியில் நடந்து அந்த இடத்தைப் பழகும். எண்டகாட் ஆடுகள் மேற்கே, ஹெக்ஸ்ட் ஆடுகள் கிழக்கே. நடுவில் பழைய வரப்பு. கல்லும் மண்ணும் குவித்த நீண்ட கரை. ஹெதர் புதர் மூடி, முழங்கால் உயரம்கூட இல்லாமல் மலை மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போகும். ஒரு குட்டிகூட அதைத் தாண்டிவிடும். ஆனால் தாண்டாது, அந்தப் பக்கம் வேறு மந்தை நிற்பதால். இடம் பழகிய ஆட்டைப் பண்ணையோடு சேர்த்துத்தான் கைமாற்றுவார்கள். தனியாக விற்றுவிட்டு அடுத்த பண்ணைக்காரரிடம் சொல்லாமல் இருப்பது, பொதுச்சுவரை இடித்துவிட்டுப் படுத்துத் தூங்குவது மாதிரி.

ஐவி சொல்லவில்லை. வசந்தத்தில் புது ஆடுகளின் முதுகில் தன் பண்ணை அடையாளமான சிவப்புச் சாயத்தையே பூசி மூருக்கு ஏற்றிவிட்டாள். அவை ஒரு வாரம்கூட மேலே நிற்கவில்லை. சாலை ஓரம் இறங்கி, சுற்றுலாக்காரர்கள் போடும் ரொட்டிக்காகக் கார் கதவுகளைச் சுற்றி நின்றன. மேற்குப் பக்கம் வெறுமையாய்க் கிடந்தது. ரூபனின் ஆடுகள் முதலில் வரப்பின் மேல் நின்று பார்த்தன. பிறகு தாண்டின. அதற்கப்பால் புதைசேறு இருப்பது அவற்றுக்குத் தெரியாது. ஈஸ்டர் வாரத்தில் சில தாயாடுகள் அதில் இறங்கி ஏறவே இல்லை.

பழி டாம்சின் மேல் விழுந்தது. ரூபனின் மருமகள், பிளிமத் நகரத்துப் பெண். ரூபனின் முழங்கால் விட்டுப்போனதிலிருந்து மலை வேலையை அவள்தான் பார்த்தாள். அவள் கணவன் ஜெம்முக்குக் கல்குவாரியில் வேலை. டாம்சின் நாலுசக்கர பைக்கில் போய் ஆடுகளை மிரட்டி, அவற்றின் பழக்கத்தையே கெடுத்துவிட்டாள் என்று ரூபன் ஊர் முழுக்கச் சொன்னார். பைக் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளை முட்டை கழுவ உட்காரவைத்தார். கடைக்காரப் பெண் இதைச் சொன்னபோது ஐவி கையிலிருந்த மாவுப் பொட்டலத்தை வைத்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு மூர்ப் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூரைக் கண்காணிக்கும் வார்டன் வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் பேரை அந்த வரப்பைக் காட்டக் கூட்டிவந்தார். ஆடு மேய்ப்பவர்கள் இரண்டு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்று ரூபனைக் கேட்டிருந்தார். ரூபன், கிழக்குக்கு நான் நின்றால் மேற்குக்கு நீ நிற்க வேண்டாமா, பேச வேண்டாம், சும்மா வா என்று ஐவியிடம் வந்து நின்றார். வரமாட்டேன் என்று சொல்லவும் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

காற்று காதைக் கிழித்தது. வானம்பாடி எங்கோ மேலே கத்திக்கொண்டிருந்தது. வரப்பின் மேல் ஏறி நின்று வார்டன் கையை நீட்டிக் காட்டினார். இதைக் கட்டி மூவாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும், மேய்ச்சலைப் பங்கு பிரிக்கக் கட்டியிருக்கலாம் என்று சொன்னார். ஒரு பெரியவர் குனிந்து, ஹெதரை விலக்கி, கல்லைத் தொட்டுப் பார்த்தார். ரூபன் தொண்டையைச் செருமினார். கட்டியவன் பெயர் தெரியாது, ஆனால் அவன் போட்ட கோட்டை என் ஆடு இன்றைக்கும் மதிக்கிறது என்று தொடங்கினார். பல வருஷம் சொல்லிப் பழகிய பேச்சு அது. பாதியில் ஒரு பெண், நீலச் சாயம் பூசியது யாருடைய ஆடு என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். எல்லோரும் திரும்பினார்கள். மேற்குச் சரிவில் ரூபனின் நீலக்குறி ஆடுகள் நிம்மதியாய் மேய்ந்துகொண்டிருந்தன.

யாரோ சிரித்தார்கள். ரூபனின் கழுத்து சிவந்தது.

"அதோ தேநீர் ஊத்துறாளே, என் மருமக. பிளிமத்துல பஸ்ஸுக்கு வரிசையில நின்னு வளர்ந்தவ. ஆட்டுக்கு வரிசை சொல்லிக்கொடுக்கத்தான் தெரியல."

இன்னும் சிலர் சிரித்தார்கள். டாம்சினும் உதட்டை இழுத்துச் சிரித்தபடி பிளாஸ்கைச் சாய்த்தாள். தேநீர் கோப்பைக்கு வெளியே சிந்தியது. ஐவி பக்கத்திலேயே நின்றாள். இப்போது வாயைத் திறந்தால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை முகங்கள். அவள் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். வார்டன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

இறங்கும்போது டாம்சின் அவளோடு சேர்ந்துகொண்டாள்.  கொஞ்ச தூரம் போனதும் ஐவி, அவரு எப்பவும் இப்படியா என்று முனகினாள்.

"பழகிடுச்சு," என்றாள் டாம்சின். குரலைத் தணித்தாள். "உங்க ஆட்டுக் காதை மார்ச்லயே பார்த்துட்டேன். ஸ்டான் அடையாளத்துக்கு இடது காது நுனியைத்தானே வெட்டுவார். இதுங்க காதுல வேற வெட்டு இருக்கு."

ஐவியின் கால் நின்றுவிட்டது. 

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அவரு என்ன சொல்வார்? மாட்டிக்கிட்டவ, புருஷன் போன பொம்பள மேல பழி போடறாம்பார். அதோட எனக்கு ஜெம் இருக்கான். உங்களுக்கு யாரு இருக்கா?" கீழே கிடந்த கல்லை அவள் பூட்ஸால் தள்ளினாள். "சொல்லுங்கன்னு கேக்கல. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியட்டும்னுதான்."

திட்டியிருந்தால் ஐவி பொறுத்துக்கொண்டிருப்பாள். இந்தப் பெண் இரண்டு மாதமாக ஐவியின் தப்பை முதுகில் சுமந்துகொண்டு முட்டை கழுவியிருக்கிறாள். ஐவி வேகமாக நடந்தாள். சரிவில் கால் இடறியது, பொருட்படுத்தவில்லை.

கார்கள் நின்ற இடத்தில் ரூபன் வார்டனோடு பேசிக்கொண்டிருந்தார். ஐவியின் புது ஆடுகள் வழக்கம்போல அங்கேதான் நின்றன. ஒன்று யாருடைய பையிலோ தலையை விட்டிருந்தது. அவள் அவர் பெயரைச் சொன்னாள். காற்று அதைக் கொண்டுபோயிற்று. அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். முப்பது வருஷப் பழக்கத்தில் அவரைத் தொட்டது அதுவே முதல் முறை. ரூபன் திகைத்துப்போய்த் திரும்பினார்.

"டாம்சின் மேல தப்பு இல்ல," என்றாள். "ஸ்டானோட ஆடுங்கள வித்துட்டேன். போன வருஷமே. இதுங்க வேற."

ரூபன் புரியாமல் அந்த ஆடுகளைப் பார்த்தார். குனிந்து ஒன்றின் காதை விரலால் மடித்தார். வார்டன் நாசூக்காக விலகிப் போய்விட்டார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஸ்டானோட அப்பன் காலத்து மந்தை அது."

"ஆமா."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே, ஐவி."

"தெரியும். அதனாலதான் கூப்பிட முடியல."

இதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்ன பிறகு அவளுக்கே அது சரியான பதிலாகப் படவில்லை. ரூபன் நொண்டியபடி தன் வண்டிக்குப் போய் ஏறினார். டாம்சின் வந்து மறுபக்கம் ஏறும்வரை எஞ்சினைக் கிளப்பாமல் காத்திருந்தார். அவளிடம் அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது பைக் சாவி மட்டும் அவள் தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததாம்.

புது மந்தைக்கு இடம் பழக்குவதென்றால், தினமும் ஆள் நின்று திருப்ப வேண்டும். அதுவும் ஒரு வருஷத்தில் முடிகிற காரியம் இல்லை. ஐவி விடிந்ததும் சாலைக்குப் போய் ஆடுகளை மேலே ஓட்டிப்போனாள். வரப்போரம் மழையில் நின்றாள். கிழக்கே இருந்து டாம்சின் தன் ஆடுகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வருவாள். சில நாள் பேசுவாள், சில நாள் கையை மட்டும் ஆட்டுவாள். சேற்றில் செத்த ஆடுகளைப் பற்றி இருவரும் பேசியதில்லை. ஆனால் அந்தப் பக்கம் பார்வை போகும்போதெல்லாம் ஐவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உண்மையைச் சொன்னதற்காகத் தன்னை நல்லவள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஜனங்களை இன்னும் அதிகமாகத் தவிர்த்தாள். ரூபனின் வண்டி எதிரே வந்தால் வேலியோரம் ஒதுங்கி நிற்பாள். யாரைக் கண்டாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறவர் அவர். அவளைக் கடக்கும்போது விரல் எழாது.

ஜூலையில் ரோமம் கத்தரிக்கும் காலம் வந்தது. மேலே கொஞ்சம் தங்கத் தொடங்கியிருந்த ஆடுகள் இப்போது வாளியைக் குலுக்கினாலும் எல்லாம் வருவதில்லை, ஆள் வேண்டும். ஐவி, ஹெக்ஸ்ட் வீட்டு முற்றத்துக்குப் போய், ரூபன் வெளியே வரும்வரை நின்றாள். ஆடு திரட்ட வர முடியுமா என்று கேட்டாள். முழு வாக்கியமாகவே கேட்டாள்.

ரூபன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஏன் கேக்குற? மலை இப்ப டாம்சினோடது. அவள கேளு."

டாம்சின் கொட்டகை வாசலில்தான் இருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. ஆனாலும் அவள் தானாக முன்வரவில்லை. கையைத் துடைத்தபடி காத்திருந்தாள். ஐவி முற்றத்தைக் கடந்து அவளிடம் போனாள். மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள்.